ஞாயிற்றுக்கிழமைப் பெட்ரோல்

புதுக்கடை நேசையன் பதினான்கு வருஷம் வில்லுவண்டி ஓட்டினார். வெள்ளை, மயிலை என்று இரண்டு காளைகள். இரணியலுக்குப் போகிற வழியில் கருங்கல் கிணற்றடியில் கல்தொட்டி ஒன்று உண்டு. அங்கே காளைகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, தாமும் கஞ்சி குடித்து, அவை அசைபோட்டு முடித்த பிறகே நுகம் வைப்பார். கையில் சாட்டை இருந்தது. ஒருநாளும் அது காளை முதுகில் பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டமாட்டார். சபையில் மூப்பர் வேறு. மழை பெய்த ஈரத்தில் ஒரு ஞாயிறு அதே சபை விவசாயி செல்வதாஸ் ஏர் பூட்டியபோது, கோயில் முற்றத்தில் ஊர் பார்க்க நிறுத்தி, "கர்த்தருடைய நாளில மாட்டு மேல நுகம் வைப்பியளா வேய்?" என்று கேட்டவர் அவர். செல்வதாஸ் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தம் பழைய மோட்டார் வண்டியை விற்றார். நேசையன் அதை வாங்கினார். காளைகள் செல்வதாசின் தொழுவத்துக்குப் போயின. வில்லுவண்டியைப் பிரித்து மோட்டார் கொட்டகைக்குக் கதவு செய்தார்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் ஒரே ஓலைக்கூரை. பக்கத்திலேயே அடுப்படி. பெட்ரோல் தீப்பிடிக்கும் என்ற பயம் அவரை விடவே இல்லை. ஆகவே காலையில் அன்றைய ஓட்டத்துக்கு வேண்டியதை மட்டும் பெட்ரோல் விற்கும் ஞானத்தின் கடையில் ஊற்றிக்கொள்வார். சனிக்கிழமை மாலை பெட்ரோல் தொட்டி காய்ந்துபோய்த்தான் வண்டி கொட்டகைக்குள் வரும்.

"மூப்பருக்க வண்டியும் உபவாசமா?" என்று ஞானம் சிரிப்பார்.

மறு வருஷம் மகள் சத்தியபாய் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை ஞானம் கடையைப் பூட்டும்போது சொன்னார்: "ஓய், நான் அருமனை ஜெபக் கூட்டத்துக்குப் போறேன். ஊரே போவுது. மக மாசமா இருக்கா. ஒரு டின் கொண்டு போரும்."

"நாளைக்கு வண்டி ஓடாது. ஓலப்பெரைக்குள்ள எனக்கு அது வேண்டாம்."

ஐயோ, அந்த ஒரு டின்!

ஞாயிறு விடிந்து வெயில் ஏறும்போது வலி கண்டது. உள்ளே போன மருத்துவச்சி வெளுத்த முகத்தோடு வெளியே வந்தாள். "பிள்ள குறுக்க கெடக்கு. என் கையில ஒண்ணும் இல்ல. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

ஆஸ்பத்திரி இரணியலுக்குப் பக்கம். பத்து மைல். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. ஊர் வண்டிகள் எல்லாம் அருமனையில். ஞானத்தின் கடையில் பூட்டு.

மனைவி ராகேல் கொட்டகைக் கதவில் தலையை மோதிக்கொண்டாள். "காளை நிண்ணா இந்நேரம் பாதி வழி போயிருப்போமே! இந்தச் சவத்தக் கொண்டு வச்சு என் பிள்ளைய கொல்லுதியளே!"

நேசையன் செல்வதாசின் தொழுவத்துக்கு ஓடினார். அவர் முன்னால் கை கூப்பினார். "காளைய தாரும். இண்ணைக்கு நுகம் வைக்கணும்."

செல்வதாஸ் பழையதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. "நிண்ணு அழாதயும் வேய், கயித்தப் பிடியும்" என்று காளைகளை அவிழ்த்தார்.

வேறு வண்டி இல்லாததால் மோட்டாரின் முன்பக்கத்தில் ஏர் நுகத்தைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். சத்தியபாயைப் பின்னால் ராகேலின் மடியில் கிடத்தினார்கள். செல்வதாஸ் ஏறி உட்கார்ந்து, தெரிந்த அளவுக்கு வண்டியைத் திருப்பும் வளையத்தைப் பிடித்துக்கொண்டார். நேசையன் பழைய சாட்டையோடு காளைகளுக்குப் பக்கத்தில் ஓடினார்.

கருங்கல் கிணற்றடி வந்தது. காளைகள் நின்றன.

அவிழ்ப்பார் என்று நின்றன. தண்ணீர் காட்டுவார், கஞ்சி குடிப்பார் என்று நின்றன. அவர் பழக்கிய பழக்கம்! "போ மக்கா, போ" என்று கெஞ்சினார். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். வெள்ளை அவர் தோளை நக்கியது.

"எப்பா..." என்று வண்டிக்குள்ளிருந்து ஒரு முனகல்.

நேசையன் சாட்டையை எடுத்தார். முதல் அடியில் மயிலை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு அவர் அதன் கண்ணைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அடித்தார்.

சத்தியபாய் பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. இனி அவளுக்குப் பிள்ளை கிடையாது என்றார் டாக்டர். ஒரு மாதம் கழித்து வந்த மருமகன் முற்றத்தில் நின்றபடியே பேசிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

செல்வதாஸ் காளைகளைத் திருப்பித் தருகிறேன் என்றார். "வேண்டாம் வேய். அதுக முதுவுல கெடக்க தடிப்ப நான் எப்பிடி தெனமும் பாப்பேன்?" என்று நேசையன் மறுத்துவிட்டார்.

வீட்டை விட்டுத் தள்ளி, ஓட்டுக்கூரை போட்டு வேறு கொட்டகை கட்டினார். சனிக்கிழமைதோறும் இருட்டுமுன் தொட்டி வழிய ஊற்றுவார். உள்ளேயிருந்து சத்தியபாய் கேட்பாள்: "எப்பா, ஊத்தியாச்சா?" அந்த வீட்டில் அவள் பேசிய பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

மூன்று வருஷம் சென்று ஒரு ஞாயிறு. கோயிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. சத்தியபாய் தலைவிரிகோலமாக உள்ளே வந்து நின்றாள். "எப்பா, வண்டிய எடுங்க. செல்வதாஸ் மாமாக்க மக ரத்தினத்துக்கு வலி."

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூப்பர் நேசையன் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து வெளியே போனார். கருங்கல் கிணற்றடியில் வண்டி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. செல்வதாஸ் ஓடிவந்து நேசையனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். சத்தியபாய் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்த அழுகை ஓயும்வரை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்பா, திரும்பிப் போவ பெட்ரோல் உண்டுமா?"

"உண்டும் மக்களே. நெறைய உண்டும்."