அம்மாவின் சொம்பில் போட்ட மருந்து

அம்மா செத்த பன்னிரண்டாம் நாள் காலையில, கொசுப் புழு இருக்கான்னு பார்க்க சுகாதார ஆபிசர் ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்தார். மலேசியாவுல ஈஜோக்குல, எங்க தாமான் குடியிருப்புல, ரெண்டு பேருக்கு டெங்கியாம். சரி, சாக்கடையைப் பாரு, பூந்தொட்டியைப் பாரு, யாரு வேணாம்னா? அவர் டார்ச்சை அடிச்சுக்கிட்டு நேரா அம்மா படத்துக்கு முன்னால போய் உட்கார்ந்துட்டார்.

அங்க ஒரு விளக்கும் ஒரு சொம்புத் தண்ணியும் இருந்துச்சு. கருமாதி முடியுற வரைக்கும் செத்தவங்க வீட்டையே சுத்திக்கிட்டு இருப்பாங்க, தாகம் எடுக்கும்னு வைக்கிற தண்ணி. மூடக்கூடாது, மூடினா எப்படிக் குடிப்பாங்க? பதினாறாம் நாளுக்கு முன்னால கொட்டவும் கூடாது, கொட்டினா அவளைத் துரத்திவிட்ட மாதிரின்னு அப்பா சொல்லிட்டார். அதனால குறையக் குறைய மேல ஊத்திக்கிட்டே வந்தேன். அறிவுகெட்டவ நான், ஒரு நாளாவது உள்ள எட்டிப் பார்த்திருக்கலாம். புழு நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"கொட்டிடுங்க லா, அக்கா"ன்னார் மலாய்ல. இல்லன்னா புழு சாகுறதுக்கு மருந்து போடணும். ரெண்டும் மாட்டேன்னா சமன்னு அபராதச் சீட்டு, கோர்ட்டு. இன்னும் நாலே நாள்தான், இது செத்தவங்க தண்ணின்னு கெஞ்சினேன். மரியாதையாத்தான் பேசினார். வீட்டுக்குள்ள எந்தத் தண்ணியா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதானாம்.

அடப்பாவிகளா! முப்பது வருஷம் எங்கம்மா பாமாயில் தோட்டத்துல செம்பனை மரத்தடியில புல்லு சாக மருந்தடிச்சா. முதுகுல மருந்து டின்னு, மூஞ்சியில ஒரு கிழிஞ்ச துண்டு, அவ்வளவுதான். நெஞ்சு வெந்து போச்சு. கடைசி வாரம் ஒரு வாய் தண்ணி இறங்கல, தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே செத்தா. அந்த முப்பது வருஷத்துல எந்தச் சட்டமாவது டார்ச் எடுத்துக்கிட்டு அவ மூஞ்சியைப் பார்க்க வந்துச்சா? அவ தாகத்தோட போயிட்டாளேன்னுதான் அப்பாவுக்கு அந்தச் சொம்பு உசுரு.

அப்பா நாற்காலியில உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தார். "கொட்டாத"ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் வேற வழி? அடுத்தவன் கை பட வேணாம்னு ஆபிசர்கிட்ட இருந்து மருந்துப் பொட்டலத்தை வாங்கி, என் கையாலயே மருந்தைப் போட்டேன். மணல் மாதிரி அடியில போய் உட்கார்ந்துச்சு. ஆபிசர் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, நன்றி சொல்லிட்டுப் போனார். அன்னிக்கு அப்பா சாப்பிடல.

மறுநாள் காலையில சொம்புல ஒரு விரக்கடை தண்ணி குறைஞ்சிருந்துச்சு. வெயில் காலம், நாள் பூரா ஃபேன் ஓடுது, குறையாம என்ன செய்யும்? வழக்கம்போல ஊத்தத்தான் ஜக்கை எடுத்துக்கிட்டுப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டார்.

"ஊத்தாதம்மா. அந்த மருந்துத் தண்ணியையும் குடிச்சிருக்கா, பாரு. போதும். இனிமே தாகத்தோடயே இருக்கட்டும்."