பாலத்தில் கை காட்டியவன்

இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று என் கணவர் விர்யோ எத்தனையோ முறை சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நடந்தது அத்தனையும் நிஜம். கூட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. குறைத்துச் சொல்லத்தான் ஆசை...

போன நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள். ஜகார்த்தாவிலிருந்து நடு ஜாவாவில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். விர்யோ ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால் எங்கள் ஐந்து வயது மகள் கினாசியும் என் கொழுந்தன் தெஜோவும். ஓட்டுவது விர்யோ என்றாலும் ஓட்ட வைப்பது நான்தான். இந்த வாய் எனக்குப் பிறவியிலேயே வந்தது.

பெருநாள் நேரத்துச் சாலையை என்னவென்று சொல்ல? எதிரில் வரும் பஸ் நம் பாதையில்தான் வரும். நாம்தான் மண்ணில் இறங்கி ஒதுங்க வேண்டும். ஒரே பைக்கில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பின்னால் கயிற்றால் கட்டிய அட்டைப்பெட்டி. அதுவும் நம்மை முந்திக்கொண்டு போகும்.

"அண்ணி, நீங்க எதுக்கு காலை மிதிக்கிறீங்க? பிரேக்கு அந்தப் பக்கம் இருக்கு," என்றான் தெஜோ.

"உங்க அண்ணன் மிதிச்சா நான் ஏன்டா மிதிக்கிறேன்?"

தேக்குக் காட்டுக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. பாங்கு சொல்லக் கால் மணி நேரம் இருந்தது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காட்டின் நடுவே ஒரு பழைய பாலம். அங்கே மூன்று முறை ஹாரன் அடித்து, அங்கிருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் வழி கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் தாண்டுவார்கள். அந்தி நேரத்தில் பாலத்தில் யாராவது கை காட்டினால் நிறுத்தக் கூடாது. அது மனுஷன் இல்லை. இதையும் எல்லாரும் சொல்வார்கள்.

பாலத்தின் மேல் ஒரு பையன் நின்றான்.

எட்டு வயது இருக்கும். சிவப்புச் சட்டை. ஒரு காலில்தான் செருப்பு. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். சுற்றிலும் காடு. வேறு ஆளே இல்லை...

விர்யோவின் கால் பிரேக்குக்குப் போனது. வேகம் குறைந்தது. பையன் எங்களை நோக்கி ஓடி வந்தான்.

"நிறுத்தாதீங்க," என்றேன்.

"சின்னப் பையன்டி."

"எந்த இடத்துல நிக்கிறான்னு பாருங்க. நம்ம புள்ளை பின்னால இருக்கு. ஹாரன் அடிங்க... போங்க."

பாம்... பாம்... பாம்...

என் பக்கத்துக் கண்ணாடியில் அவன் விரல்கள் பட்டன. டக். டக். அவ்வளவுதான். தாண்டிவிட்டோம்.

கொஞ்ச தூரம் போனதும் எங்கோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன். தெஜோ வாங்கவில்லை.

அடுத்த வளைவு. ஒரு கிலோமீட்டர் கல்.

கல் பக்கத்தில் அதே பையன்.

அதே சிவப்புச் சட்டை. அதே ஒற்றைச் செருப்பு. மழை கொட்டுகிறது... அவன் சட்டை நனையவில்லை. இந்த முறை கை காட்டவில்லை. எங்களையே பார்த்தான்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்றேன். பயத்திலும் எனக்கு ஜெயித்துவிட்ட திருப்தி. இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பின் சீட்டில் கினாசி நகர்ந்தாள். தெஜோவை ஒட்டி உட்கார்ந்தாள். கதவுப் பக்கம் காலியாக விட்டாள்.

"சித்தப்பா, தள்ளுங்க. அவனுக்கு இடம் வேணும்."

"யாருக்குடா கண்ணு?"

அவள் கையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் காலி இடத்தின் பக்கம் நீட்டினாள்.

"அம்மா... திரும்பிப் போகணுமாம்."

"பேசாம இரு."

"அவங்க அப்பா கீழ இருக்காராம்."

"கினாசி, வாயை மூடு."

விர்யோ கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். என்ன பார்த்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

"திரும்பிடலாமா?" என்றார்.

"வேண்டாம்."

நான்தான் சொன்னேன்.

காடு முடிந்தது. கடைத்தெரு விளக்குகள் தெரிந்தன.

டப்...

கார் கதவு சாத்தும் சத்தம். ஒரு கதவும் திறக்கவில்லை.

"போயிட்டான்," என்றாள் கினாசி.

பெருநாள் முடிந்து அதே வழியில்தான் திரும்பினோம். நல்ல வெயில். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. என்னைக் கேட்காமலே விர்யோ வண்டியை நிறுத்தினார். கடைக்கார அம்மாவிடம் அன்று இங்கே ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

"அதை ஏன் கேக்கிறீங்க? அப்பனும் மவனும் பைக்கோட ஓடைக்குள்ள விழுந்துட்டாங்க. பையன் எப்படியோ மேல ஏறி வந்து கை காட்டியிருக்கான். நம்ம ஆளுங்கதான் அங்க நிக்க மாட்டாங்களே. நாங்க போறப்ப பையன் செத்துக் கெடந்தான். பஸ்ஸு தட்டிட்டுப் போயிருக்கும்னு நெனச்சோம். கீழ அப்பன் இருக்கிறது விடிஞ்சுதான் தெரிஞ்சுது. ராத்திரி பூரா உசுரு இருந்துச்சாம் பாவம்... தூக்கிட்டு வர்றதுக்குள்ள போயிடுச்சு."

விர்யோ என்னைப் பார்க்காமல் கேட்டார். "பையனை யாருமே பாக்கலியா?"

"ஆடு மேய்க்கிறவரு எதிர் மேட்டுல இருந்து பாத்தாராம். ஒரு வண்டி மெதுவாச்சாம். நிக்குதுன்னு நெனச்சு பையன் ஓடினானாம். அது நிக்கல. அப்படியே பாலத்துச் சுவத்துல சாஞ்சு உக்காந்தவன்தான். உள்காயம். அவரு எறங்கி வந்து சேரறப்பதான் பாங்கு சொன்னாங்க. அப்பவே உசுரு இல்ல."

கல்லருகே நின்றது யார், என் மகள் யாருக்கு இடம் விட்டாள்... எனக்குத் தெரியாது. பாலத்தில் எங்களை நோக்கி ஓடி வந்தவன் யாரென்று மட்டும் தெரியும்.

அப்போது அவனுக்கு உயிர் இருந்தது.