ஊறுகாய் கெடுத்த பெண்கள்

வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடவும் வெட்கத்துக்கு மாத்திரை கொடுக்கவும் கம்பெனிகள் வைத்திருக்கும் ஆளுக்குப் பெயர் முதலுதவி அறை நர்ஸ். திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் சாலையை ஒட்டிய ஓர் ஊறுகாய் கம்பெனியில் பல வருஷமாக நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். காய் வெட்டுவதும் எண்ணெய் காய்ச்சுவதும் ஆண்கள். பாட்டிலில் அடைத்து மூடி போடுவது பெண்கள். நீங்களும் நர்ஸாகவோ டீச்சராகவோ பெண்பிள்ளையைப் பெற்றவராகவோ இருந்து, மாதவிலக்கைப் பற்றி நாலு வார்த்தை விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். உங்களிடம்தான் இதையெல்லாம் கொட்ட முடியும்.

தலைவலி

எங்கள் கம்பெனியில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், தலைவலி என்பார்கள். வந்த புதிதில் எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் தண்டையார்பேட்டை மும்தாஜ் அக்கா, அடைக்கும் பகுதியில் எல்லோருக்கும் மூத்தவர், வலியில் வியர்த்து வழிய வந்து நின்று, "தல நோவுது சிஸ்டர்" என்றார். வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். கருப்பை இறுகிச் சுருங்கித் தன் உள்பூச்சை வெளியே தள்ளுகிறது, அந்தச் சுருக்கம்தான் வலி, இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சூப்பர்வைசர் சேகர் கையிலதான பர்மிஷன் கேக்கணும். தலவலின்னா செத்த நேரம் வுடுவாரு. தூரம்னு சொன்னா, மூணு நாளும் ஊறுகா பக்கமே வராத, அட்டப்பெட்டி ஷெட்டுல போய் குந்துன்னுவாரு. அந்தத் தகரக் கொட்டாய்ல நீ ஒரு மத்தியானம் குந்திப் பாரு சிஸ்டர், உனுக்கும் தலவலின்னுதான் வாயில வரும்."

கெட்ட ரத்தம்

பரிமளா லேபிள் ஒட்டுகிறவள். வீடு எண்ணூர் நெட்டுக்குப்பம், கணவருக்குக் கடல் தொழில். ஒரு காலையில் மேஜையிலேயே சரிந்து விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, வெளுத்த காகிதம் மாதிரி இருந்தது. விசாரித்தால், மாதாமாதம் வாரத்துக்கு மேல் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறது, இரண்டு வருஷமாக இப்படித்தான் என்றாள். டாக்டரிடம் போகவில்லையா என்றேன். மாமியார் தடுத்துவிட்டாராம். அது கெட்ட ரத்தம், மருந்து போட்டு நிறுத்தினால் உள்ளேயே தங்கி உடம்பை அழுக வைத்துவிடும், போகிறவரை போகட்டும் என்று சொல்லியிருக்கிறார். ஊரில் அந்த அம்மாள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? அவள் கையைப் பிடித்து விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். "பார், விரலில் வருவதும் அங்கே போவதும் ஒரே ரத்தம். பிள்ளை தங்கினால் இருக்கட்டும் என்று கருப்பை மாதாமாதம் உள்ளே மெத்தை மாதிரி ஒரு பூச்சு கட்டுகிறது. பிள்ளை தங்கவில்லையென்றால் அந்தப் பூச்சு ரத்தத்தோடு கழன்று வருகிறது. அழுக்கும் இல்லை, விஷமும் இல்லை. ஆனால் இந்த அளவுக்குப் போனால் அது நோய்" என்றேன். அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் கருப்பையில் ஒரு நார்க்கட்டி தெரிந்தது, புற்றுநோய் இல்லை. இப்போது மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டுத் தேறிவருகிறாள். அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அப்போ இத்தினி நாளா நல்ல ரத்தத்தையா வுட்டுகினு இருந்தேன் சிஸ்டர்?"

மூடி போட்ட வாளி

பெண்கள் கழிப்பறையில் ஒரு குப்பை வாளி இல்லை. உபயோகித்த நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, பையில் மறைத்து, ஷேர் ஆட்டோவில் வீடுவரை கொண்டுபோகிறார்கள். அதற்குப் பயந்து காலையில் வைத்ததை மாலைவரை மாற்றாதவர்கள் உண்டு. தொடையெல்லாம் புண்ணாகி என்னிடம்தான் வருவார்கள். மூடி போட்ட வாளி ஒன்றும், தினமும் அள்ள ஓர் ஆளும் வேண்டும் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "லேடீஸ் சமாச்சாரமெல்லாம் பர்சனல், சிஸ்டர். கம்பெனி அதுல தலையிடக் கூடாது."

பூசணம்

தலையிடக் கூடாது என்றவர் அடுத்த மாதமே என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடைகளுக்குப் போன ஆவக்காய் பாட்டில்கள் வெள்ளையாகப் பூசணம் பூத்துத் திரும்பி வந்திருந்தன. பக்கத்தில் சேகர் நின்றார். யாரோ ஒருத்தி தூரத்தை மறைத்து உள்ளே வந்து தொட்டிருக்கிறாள் என்பது அவர் கண்டுபிடிப்பு. மாத்திரைக்கு வந்தவர்கள் யார் யார் என்று நான் சொல்லவேண்டுமாம்.

உடம்பெல்லாம் எனக்கு எரிந்தது. "நோயாளி என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். வேலை போனாலும் சரி. பூசணம் ஈரத்தில் வரும், எண்ணெய் குறைந்தால் வரும். கையுறை போட்டுப் பாட்டிலையும் மூடியையும் மட்டும் தொடுகிற பெண்ணின் கருப்பையிலிருந்து ஊறுகாய்க்கு எந்த வழியும் இல்லை சார்" என்றேன். மேனேஜர் பெண்கள் எல்லோரையும் வரவழைத்தார். வரிசையாகத் தலை குனிந்து நின்றார்கள். யார் என்று சொல்லாவிட்டால் எல்லோரையும் நிறுத்திவிடுவேன் என்றார் சேகர்.

மும்தாஜ் அக்கா ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பி, அடைத்த தேதியைப் பார்த்தார். "இது ஆவக்கா. அவசர ஆர்டர்னு ஞாயித்துக்கெழம அடச்சது. அன்னிக்கு லேடீஸ் எல்லாருக்கும் லீவு, உள்ள இருந்ததெல்லாம் ஆம்பளைங்கதான்" என்றார். மெக்கானிக்கை அழைத்துப் பார்த்ததில், எண்ணெய் விடும் குழாய் அடைத்துக்கொண்டு காய்க்கு மேல் எண்ணெய் நிற்காமல் போயிருந்தது தெரிந்தது. பெண்களைப் போகச் சொன்னார் மேனேஜர். மும்தாஜ் அக்கா மட்டும் நகராமல் நின்று, கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டார்: "அப்போ ஞாயித்துக்கெழம உங்க பசங்கள்ல யாரு சார் தூரமா இருந்தாங்க?"

சேகரின் மகள்

அதற்குப் பிறகு யாரையும் தகர ஷெட்டுக்கு அனுப்புவதில்லை. தப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, வாளியும் வந்தபாடில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை சேகர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஒன்பதாவது படிக்கும் மகள், போன வருஷம்தான் வயசுக்கு வந்தவள். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது இரண்டு மாதம் தாண்டியும் வரவில்லை. யாரோடு பேசினாய், எங்கே போனாய் என்று வீட்டில் விசாரணை. போனைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "அடித்தீர்களா?" என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அடிச்சது அவங்கம்மா. நான் பாத்துகினு இருந்தேன்."

அவரைத் திட்ட நாக்கில் வந்த வார்த்தைகளை விழுங்கினேன். அடி வாங்கியது அவரில்லையே. பெண்ணைக் கூட்டிவரச் சொன்னேன். திங்கட்கிழமை வந்தாள். முழங்கைக்கு மேல் தழும்பு. வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருஷம் இப்படித் தள்ளிப்போவது சகஜம், உடம்பில் அதை நடத்தும் சுரப்பிகள் ஓர் ஒழுங்குக்கு வர நாள் பிடிக்கும், மூன்று மாதம் தாண்டினால் டாக்டரிடம் காட்டலாம், அதற்கும் ஒழுக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அப்பனுக்கும் மகளுக்கும் சேர்த்துச் சொன்னேன். நாளைக்கே பள்ளிக்கூடம் போகவேண்டும் என்றேன். சேகர் தலையை ஆட்டினார். "உனக்கு ஒன்றும் இல்லை கண்ணு" என்று அவள் தோளைத் தொட்டேன். அவள் கையை விலக்கவில்லை, அழவும் இல்லை. "எனுக்கு ஒண்ணும் இல்லன்னு எனுக்கு மொதல்லயே தெரியும் சிஸ்டர். எங்கம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

மாதாமாதம் பழையதைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதியைக் கருப்பைக்குக் கொடுத்த இயற்கை, அதை மனுஷ மூளைக்கும் கொடுத்திருந்தால் என் முதலுதவி அறையில் பாதிக் கூட்டம் குறைந்திருக்கும்.