பார்க்க வந்தவர்களுக்குச் சோறு

பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு, எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் சொல்லி, தருமபுரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. சேலத்திலிருந்து ஜில்லா பிரிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் சேர்ந்த பிரிவுக்கு மக்கள் தொடர்பு என்று பெயர். மொரப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த வேலை என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. வெளிநாட்டிலிருந்து உதவி செய்கிறவர்கள் வருவார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் கஷ்டப்படுகிற ஊர்களைக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் விளக்கினேன். காட்டுவதற்கு ஒரு படிப்பா, அதற்கு ஒரு சம்பளமா என்று கேட்டுவிட்டு அம்மா கடலைக்காய் ஆயப் போய்விட்டாள். எனக்குக் கோபமாக வந்தது. அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று புரிய எனக்கு அந்த வருடம் முழுக்கத் தேவைப்பட்டது.

பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு கேமரா, ஒரு அதிகாரி, நான். அதிகாரி சென்னையில் ஏதோ பத்திரிகையில் வேலை பார்த்தவர். வெற்றிலை வாய், கஞ்சி போட்ட சட்டை. கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக எனக்கு அவர் மேல் கோபம் வரும், அப்போது நான் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் வீட்டிலிருந்துதான் ரசம் சோறு வந்தது.

தொழிலை நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். கஷ்டத்தைக் காட்டுகிற படத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்க வேண்டும், கூட்டமாக நின்றால் பார்க்கிறவனுக்கு மனசு இளகாது என்பார். அந்த ஆள் கேமராவை நேராகப் பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது. இதெல்லாம் சொல்வதற்குச் சுலபம். எங்கள் பக்கத்து ஜனங்கள் கேமராவைக் கண்டால், இருங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடி, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதிகாரி தலையில் அடித்துக்கொள்வார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன்.

சித்தேரி மலையில் ஒரு சின்ன ஊருக்கு என்னை அனுப்பினார்கள். பஸ் போகும் வரை போய், அப்புறம் ஏற வேண்டும். அங்கே ஒரு நர்ஸ் தங்கிப் பிரசவம் பார்க்க ஓர் அறையும் மருந்து அலமாரியும் கட்டித்தரலாம் என்று நிறுவனத்தில் பேச்சு இருந்தது. அந்த வருடம் ஒரு அறைக்குத்தான் வழி இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது இரண்டு ஊர். ஒன்று இந்த மலை ஊர், இன்னொன்று நல்லம்பள்ளிப் பக்கம் கீழே ஒரு ஊர். சித்திரையில் உதவி செய்கிறவர்கள் வந்து இரண்டையும் பார்த்துவிட்டு எதற்கு என்று சொல்வார்கள்.

மலையில் என்னை டீச்சரம்மா என்றார்கள். பையும் குடையுமாக ஒரு பெண் ஏறி வந்தால் வேறு யாராக இருக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. எத்தனை முறை இல்லையென்று சொன்னாலும் சரிங்க டீச்சரம்மா என்பார்கள். அங்கே என்னோடு ஒட்டிக்கொண்டவள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். முதல் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்து, கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே செத்துப் பிறந்ததாம். இப்போது மறுபடி மூன்று மாதம். நர்சம்மா ராத்திரியும் இங்கேயே இருப்பாங்களா, மழை பெய்தால் கீழே போய்விட மாட்டாங்களே என்று என்னைப் போட்டுத் துளைத்தெடுத்தாள். இருப்பாங்க, அதுக்குத்தான் அறை என்றேன். எங்கே கட்டலாம் என்று இடத்தைக்கூடக் காட்டினாள். அவள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது அந்த இடம். நல்ல விவரமான ஆள்தான் நீ என்று கேலி செய்தேன். அவள் புருஷன் பக்கத்தில் நின்று சிரித்தான்.

வந்தவர்கள் வயதான தம்பதி. நல்ல மனிதர்கள். மலை ஏறியதில் அந்த அம்மாவின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது, ஆனாலும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஊரைப் பார்த்ததும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாசல் எல்லாம் சாணி மெழுகிக் கோலம். பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருந்தார்கள். ஆண்கள் வெள்ளை வேட்டியில் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். அவள் வீட்டுக்குப் பின்னால் பெண்கள் சேர்ந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். சாமைச் சோறு, கோழிக் குழம்பு.

ஓரமாகச் சாம்பல் படிந்த பானை ஒன்று காலியாகக் கிடந்தது. நான் குடியானவன் வீட்டுப் பெண். தானியத்தில் சாம்பல் கலந்து எதற்கு வைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் மழை விழுந்தால் விதைக்க வேண்டிய சாமை அது. அதைப் புடைத்துக் குத்தி உலையில் போட்டிருந்தார்கள். கோழியும் முட்டை இடுகிற கோழி. ஏன் இப்படிச் செய்தாய் என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"வூட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போடாம எப்படிங்க? நம்ம சோத்தத் தின்னவங்க நம்மளக் கை வுட்ருவாங்களா டீச்சரம்மா?"

இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அந்த மலையில் அது ஒருநாளும் பொய்த்ததில்லை. ஒரு வீட்டில் கை நனைத்தவன் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் சண்டை தீர்ப்பதும் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. வெள்ளைக்காரர் மட்டும் வேறு மாதிரி இருப்பார் என்று அவர்கள் ஏன் நினைக்க வேண்டும்?

அந்த அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அவள் பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். ஆனந்தம் அவளுக்கு. அவ்வளவு பூரிப்போடு ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இறங்கி வந்து ஜீப்பில் ஏறிய பிறகு பேச்சு ஆரம்பித்தது. இவ்வளவு நிறைவாக வாழ்கிற மக்களை நான் எங்கேயும் கண்டதில்லை, நாம்தான் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். இவர்களுக்கு நம்மிடமிருந்து ஒன்றும் வேண்டியதில்லை என்றார் கணவர். அது விதைச் சாமை சார், சொல்லுங்க சார் என்று அதிகாரியிடம் தமிழில் கெஞ்சினேன். அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

"இப்பச் சொன்னா அவங்க சாப்பிட்டதே பாவம்னு ஆயிடும்மா. விருந்தாளியைச் சங்கடப்படுத்தறது நம்ம வேலை இல்ல."

அவர்களிடம் நேராகச் சொல்ல வாயெடுத்தேன். விதை என்பதற்கு சீட், சோறு என்பதற்கு ரைஸ், சீட் ரைஸ் என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. ஆமாம், மிகவும் நன்றாக இருந்தது என்று அந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் கீழே இருந்த ஊருக்குப் போனோம். அந்த ஊர்த் தலைவர் இதற்கு முன்பே பல விருந்தாளிகளைப் பார்த்தவர். வறண்ட ஏரிக்குள் பெண்களைக் காலிக் குடத்தோடு நிறுத்தி வைத்திருந்தார். டீ கூடக் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஊரையும் குறை சொல்ல எனக்கு மனசு இல்லை, அங்கேயும் பெண்கள் பிள்ளை பெறத்தான் செய்கிறார்கள். அறை அந்த ஊருக்குப் போயிற்று.

மலைக்குப் போய் அதைச் சொல்ல வேண்டியதும் என் வேலைதான். சொன்னேன். ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குப் போனார்கள். அவள் மட்டும், அவங்களுக்குக் குழம்பு காரமாகிவிட்டதோ என்று கேட்டாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். நான் இல்லை இல்லை என்று அழுதுவிட்டேன், அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். அந்த வருடம் வேறு ஊர்ச் சொந்தக்காரர்களிடம் விதை கேட்டு வாங்கி, நிலத்தில் பாதிதான் விதைத்தார்கள்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் அவள் புருஷன் ஆபீஸ் வாசலில் நனைந்துகொண்டு நின்றான். உள்ளே வாங்க என்றாலும் வரவில்லை, தரை ஈரமாகிவிடும் என்றான். இந்தப் பிள்ளையும் குறுக்கே கிடந்ததாம். கட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். வழியில் ஓடை நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வடியட்டும் என்று கரையில் இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள். அங்கேயே போய்விட்டாள். பிள்ளையும் போயிற்று. இதை அவன் யாரோ ஒருவர் வீட்டுக் கதை போல நிதானமாகச் சொன்னான். அப்புறம் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"நர்சம்மா இன்னிமே எதுக்குன்னு நெனச்சிராதீங்க. ஊர்ல இன்னும் பொம்பளைங்க இருக்கறாங்க."

இதைச் சொல்லத்தான் மழையில் அவ்வளவு தூரம் வந்திருந்தான்.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அதிகாரியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பிறகு, அடுத்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம் என்றார். அந்த ஆளை மட்டும் தனியாக நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் வேலைக்கு ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தொழில் பழகிவிட்டால் துக்கத்துக்கு நடுவிலும் மண்டைக்குள் ஒரு ஓரம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. அந்த ஓரத்தை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன்.

மார்கழியில் வேறு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. இந்த முறை ஊரைத் தயார்ப்படுத்த என்னை முந்தின நாளே அனுப்பினார்கள். வாசல் மெழுகக் கூடாது. நல்ல துணி உடுத்தக் கூடாது. அவர்கள் இருக்கும் வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. ஊர் ஆட்கள் எல்லாரையும் உட்கார வைத்து நான் இதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கெட்ட வார்த்தை பேசுகிறவளைப் பார்ப்பது போல் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். தண்ணியாச்சும் கொடுக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அதைப் பற்றி அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. கொடுங்க என்றேன். அப்புறமும் ஒரே முணுமுணுப்பு. அப்போது அவள் புருஷன் எழுந்தான்.

"எப்படி இருக்கணும்னு டீச்சரம்மா சொல்லட்டும். அப்படியே இருப்போம்."

இருந்தார்கள். வந்தவர்கள் ஊரைச் சுற்றினார்கள். யாரும் எதிரே வந்து கும்பிடவில்லை. குளிர்ந்து கிடந்த அடுப்புகளைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அதிகாரி கேமராவை எடுத்ததும், அவன் ஓடிப்போய்த் தலை வாரவில்லை. வாசலில் போய்த் தனியாக நின்றான். நேராகப் பார்த்தான். சிரிக்கவில்லை. யாரும் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அறை கிடைத்தது. அடுத்த வருடம், அவள் காட்டிய இடத்திலேயே கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். நர்சம்மா ராத்திரியும் அங்கேயே தங்கினாராம். பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். மலைக்காரர்கள் அழைத்ததையே கடைசியில் நிஜமாக்கிக்கொண்டேன்.

அவனைப் படம் எடுத்த அன்றைக்கு மத்தியானம் விருந்தாளிகளும் அதிகாரியும் முன்னால் இறங்கிவிட்டார்கள். நான் கடைசியாகக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அவன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து வந்து, ஒரு நிமிஷம் இருங்க என்றான். கையில் இலையில் ஒரு உருண்டைக் களியும் கொஞ்சம் கீரைக் கடைசலும் இருந்தன. விடிவதற்கு முன்னாலேயே கிளறி, தவிட்டுப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். களி ஆறிக் கெட்டித்துப் போயிருந்தது.

"சாமை இல்லீங்க, களிதான். பாக்க வந்தவங்களுக்குத்தானே கூடாது. உங்களுக்குப் போடலாமில்லீங்களா?"

குத்துக்கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு துணுக்குக்கூட விடவில்லை. அவன் எதிரே நின்று, அவள் நின்றது போலவே, தீரத் தீர இன்னும் கொஞ்சம் கீரையை வைத்தான். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னான்.

"அவ இருந்திருந்தா நீங்க சொன்னதக் கேட்டிருக்க மாட்டா டீச்சரம்மா. அடுப்பப் பத்த வெச்சிருப்பா."

பற்ற வைத்துத்தான் இருப்பாள். நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.