அஞ்சு பேட்டரி சார்ஜரில் ஆறாவது பேட்டரி

எரிந்த மோட்டாரிலிருந்து கருகின கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். காயில் சுத்துகிறவளிடம், அவள் சுத்து எண்ணும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுக்காத ஆளை இந்தத் திண்டுக்கல்லில் நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் மோட்டார் ரிப்பேர்க் கடை மாதிரி வீட்டு முன்னறையிலேயே கடை வைத்திருக்கிற உங்களுக்கும் இது தெரிந்த கஷ்டம்தான்.

பத்தாத சார்ஜர்

வத்தலக்குண்டுப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் எரிந்தால் நாங்கள்தான் போய் எடுத்துவர வேண்டும். வாடகை வண்டி கேட்ட நேரத்துக்கு வராது, வேலை வேறு கடைக்குப் போய்விடும். அதனால் என் வீட்டுக்காரர் எஞ்சின் போன பழைய வேனில் கரண்டு மோட்டாரை மாட்டி, ஆறு பேட்டரி வைத்தார். சார்ஜர் மட்டும் ஒரு பேட்டரி ஆட்டோவில் கழற்றியது, அஞ்சு பேட்டரிக்கு உள்ளது. எவ்வளவு நேரம் போட்டாலும் ஆறும் நிறையாது. பைபாஸ் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிடும்.

ஒருநாள் தள்ளிக்கொண்டு வந்தவர், "இந்த மாசத்துக்குள்ள இது வத்தலக்குண்டு போய்த் திரும்பலைன்னா திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்" என்றார். நானும் பாப்பாவும் இங்கே, அவர் அங்கே. போகாதீங்க என்பதற்குப் பதிலாக, சார்ஜருக்குள் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் இன்னும் கொஞ்சம் கம்பி சுத்தினால் வோல்ட்டு ஏறுமில்லையா என்று மட்டும் கேட்டேன். பக்கத்தில் நின்ற பேட்டரிக்கடை பாய் சிரித்தார்.

"அஞ்சு பேருக்கு ஆக்குன சோத்துல தண்ணிய ஊத்துனா ஆறு பேருக்கு ஆயிரும்ங்கிறியாம்மா?"

ஏற வேண்டியது இறங்கியது

டிரான்ஸ்பார்மரில் காயிலுக்கும் இரும்புக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. பேப்பர் வைத்து, அதில் கம்பியை நுழைத்து நுழைத்துச் சுத்தி, முனையைப் பழைய கம்பியோடு சேர்த்தேன். மீட்டரில் பார்த்தால் வோல்ட்டு முன்னைவிடக் குறைந்திருந்தது.

அடுப்படிக்குப் போய் மாவாட்டிக்கொண்டே யோசித்தேன். பழைய சுத்து ஒரு பக்கம் தள்ள, புதுச் சுத்து எதிர்ப்பக்கம் இழுக்கிறது. வந்து முனை ரெண்டையும் மாற்றிப் போட்டேன். மீட்டர் முள் ஏறியது. ரிப்பேருக்குக் கொடுத்த மோட்டாரை வாங்க வந்து உட்கார்ந்திருந்த சேவுகம்பட்டி அண்ணனுக்கு என் வீட்டுக்காரர் இதை விளக்கிச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்க வீட்டுல தெனமும் நடக்குறதுதான் தாயி. அங்க முனைய மாத்திப் போட வழியில்ல."

புளியங்கொட்டைக் கணக்கு

ஏறியது, ஆனால் பத்தவில்லை. இன்னும் சுத்த வேண்டும். எனக்கு எண்ணிக்கை நடுவில் நழுவிவிடும் என்பதால், பத்துச் சுத்துக்கு ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தட்டில் போடுவேன். பால் பொங்குகிறதென்று எழுந்து போன நேரத்தில் என் மகள் தட்டிலிருந்ததில் பாதியை அள்ளித் திரும்ப டப்பாவில் போட்டிருக்கிறாள். நான் தட்டைப் பார்த்து மேலும் சுத்திவிட்டேன்.

சார்ஜ் போட்டதும் ஆறு பேட்டரியும் சூடேறிக் கொதித்தன. முன்னறையெல்லாம் ஆசிட் நாத்தம். பாய் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். என் வீட்டுக்காரர் கோபப்படக்கூட இல்லை.

"என் சட்டைய எல்லாம் ஒரு பையில எடுத்து வை."

எண்ணாமல் பிரித்தது

நான் பையை எடுக்கவில்லை. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கதவைச் சாத்தினேன். எண்ணுகிற வேலையே வேண்டாமென்று, ஒவ்வொரு சுத்தாகப் பிரிப்பது, மீட்டர் வைப்பது, மறுபடி பிரிப்பது. ஆறு பேட்டரிக்கு பாய் சொல்லியிருந்த வோல்ட்டில் முள் நின்றதும் கம்பியை வெட்டினேன். அன்று பேட்டரி நிறைந்தது. தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை.

வத்தலக்குண்டுக்கு நானும் ஏறிக்கொண்டேன். நின்றால் தள்ள ஆள் வேண்டுமே. ஒரு தோட்டத்து மோட்டாரை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வண்டியைத் தள்ள எங்கேயும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் திருப்பூருக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பாய் வேனையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குரலை இறக்கி என்னிடம் சொன்னார்.

"தங்கச்சி, எங்கிட்டயும் இப்படி ஒரு சார்ஜர் சும்மா கெடக்கு."

மொத்தத்தில், வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போகாமலிருக்க இம்புட்டுக் கம்பி சுத்தினவள், அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு மூச்சுக்கு மூச்சு கூப்பிடுவதற்கு எழுந்து ஓடாமல் ஒரு பக்கம் எழுதி முடிக்க இன்னும் எவ்வளவு சுத்த வேண்டுமோ... இதோ வாரேங்க, கையில கரி, செத்த இருங்க!