குழியில்லாத அணுக்கள்

ஒரு தாயிடம் நான் பொய் சொன்னேன். இறந்துபோன அவள் மகளைப் பற்றிய பொய். இன்றுவரை அதைத் திருத்தவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். பெங்களூர் கண்டோன்மென்டில் ஓர் ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்ப்பது என் வேலை. ஒரு துளியை ஸ்லைடில் என்னைப்போல் மெல்லிசாக இழுக்க அங்கே ஆளில்லை. தற்பெருமைதான்... ஆனால் உண்மை.

தொம்மலூர் லூர்துமேரி தன் மூத்த மகள் ஸ்டெல்லாவை அழைத்து வந்தாள். ஏழு வயது. வெளுத்த முகம், மஞ்சள் பூத்த கண்கள், வீங்கிய மண்ணீரல். மலேரியாவா என்று பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா.

கிருமி இல்லை. ஆனால் சிவப்பணுக்கள்... இருபுறமும் குழிந்து, நடுவில் வெளிறித் தெரியவேண்டியவை, குழிவே இல்லாமல் குண்டுமணிகளாய் உருண்டு கிடந்தன. ஸ்லைடு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நானா கெட்ட ஸ்லைடு போடுவேன்? காட்ட வெட்கம். துடைத்துவிட்டு, "அணுக்கள் இயல்பு" என்று சீட்டில் எழுதினேன். இன்னொரு துளி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கிருமி அகப்படாவிட்டாலும் மலேரியாவாகத்தான் இருக்கும் என்று அதற்கான கொயினா மருந்தைக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஸ்டெல்லா இறந்தாள்.

மூன்று வருஷம் கழித்து லூர்துமேரி இளையவள் ரோஸியோடு வந்தாள். அதே மஞ்சள் கண்கள். அதே உருண்டைகள். மறுபடி ஒரு துளி எடுத்தேன். பிறகு இன்னொன்று. எதுவும் மாறவில்லை. அன்றைய ஸ்லைடிலும் குற்றமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டரம்மாவின் தடித்த புத்தகங்களைப் புரட்டினேன். நீர்த்த உப்புநீரில் அணுக்களை விட்டுப் பார்த்தேன். என்னுடையவை தாங்கிய நீரில் ரோஸியுடையவை உடைந்து கரைந்தன. தாயின் ரத்தத்திலும் அதே குறை, கொஞ்சமாக. பரம்பரை நோய், அரிதானது. கண்டுபிடித்தது நான்!

அறுவை செய்து மண்ணீரலை எடுத்தார்கள். ரோஸி பிழைத்தாள். "இந்தப் பிள்ளையைக் காப்பாத்தினது பிலோமினாவோட கண்ணு" என்று எல்லோர் முன்னும் என்னைக் காட்டிச் சொன்னார் டாக்டரம்மா.

நோய் தன் ரத்தத்திலிருந்து வந்தது என்று லூர்துமேரியிடம் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவளுக்கும் இதேதானாம்மா? அவ ரத்தத்தையும் நீங்கதானே பார்த்தீங்க?"

"அது வேறம்மா. அவளுக்கு மலேரியா."

"அப்போ அவ என்னால போகலை..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுடைய நிம்மதிக்காகவா பொய் சொன்னேன்? பல வருஷம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. அவள் ஆறுதலடைந்தது பிறகு. என் பொய் அதற்கு முந்தியது.

சரியாக எழுதியிருந்தால் ஸ்டெல்லா பிழைத்திருப்பாளா... தெரியாது. அந்த வாய்ப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

ஆனாலும் உங்களிடம் ஒன்றை ஒளிக்கமாட்டேன். ரோஸியின் ரத்தத்தைப் படித்த நாள்தான் என் வாழ்வின் பெருமை. வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்களிடம் இன்றும் தலைநிமிர்ந்து சொல்கிறேன், உப்புநீர்வரை, மண்ணீரல்வரை, விவரமாக.

அந்த வீட்டில் வேறு பிள்ளை இருந்ததா என்று அவர்களில் ஒருத்தியும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.