கழித்துப் போட்ட படங்கள்

ஸ்கேன் அறையில் அவளுக்கு ‘அசையாதீங்க அக்கா’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக மைக்கில் அந்த ஒரு வார்த்தையைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் மகளுக்குத் தலை பின்னும்போதும் அதே வார்த்தை, அதே குரல்.

பத்தொன்பதாவது வருடம் ஓர் இளம் டாக்டர் ஆராய்ச்சிக்கு வந்தார். இயந்திரத்துக்குள் படுத்திருப்பவருக்குக் கையில் லேசாக ஷாக் அடிக்கும். எப்போது என்று தெரியாது. சில நிமிடம் கழித்து, ‘முடிந்தது, இனி வராது’ என்று ஹெட்போனில் அறிவிப்பு. அந்த நிம்மதியில் மூளை என்ன செய்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுதானா என்பது கேள்வி. தலை துளி அசைந்தாலும் படம் கலங்கிவிடும், கழித்துப் போட வேண்டியதுதான். கழித்த பதினாலில் பன்னிரண்டு பெண்களுடையவை. எல்லாமே ‘இனி வராது’ என்ற பிறகு கலங்கியவை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா லேடீஸ விட்டுடலாம்க்கா. ஜென்ட்ஸ மட்டும் வெச்சு முடிச்சுக்கறேன்,” என்றார் டாக்டர்.

அவளுக்குச் சுருக்கென்றது. மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த அன்று, கணவன் நாற்காலியிலேயே குறட்டை விட்டான். இவள் தேம்பித் தேம்பி அழுதாள். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, இப்ப எதுக்கு அழுகை?” என்று மாமியார் முகத்தைச் சுளித்தாள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பதில் கிடைக்கக்கூடிய ஒரே இடத்தில் பெண்களையே வெளியே தள்ளினால் எப்படி?

வெளியே வந்த பெண்களிடம் ஏன் அசைந்தார்கள் என்று விசாரித்தாள். “ஒண்ணுமில்லைங்க,” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நழுவினார்கள். கேட்டு ஆகாது என்று புரிந்தது. புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், அவளே போய்ப் படுத்தாள்.

“நீங்க மைக்ல உட்காருங்க டாக்டர். எனக்குன்னு எதையும் குறைக்காதீங்க.”

ஷாக்குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ‘இனி வராது’ என்று காதில் விழுந்ததும், அவளைக் கேட்காமலே கண்ணீர் வந்தது. மல்லாந்து படுத்தால் கண்ணீர் கன்னத்துக்கா போகும்? பக்கவாட்டில் இறங்கி, ஹெட்போனுக்கு அடியில் காதுக்குள் போனது. காது கூசியதில் தலை தானாக வெட்டியது. ஊரையெல்லாம் ‘அசையாதீங்க’ என்று அதட்டியவள் அசைந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டது பஞ்சு.

மறுநாளிலிருந்து ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் இரண்டு கண்ணோரத்திலும் சின்னப் பஞ்சுத் துண்டு, மேலே காகித டேப். “அழுகை வந்தா அழுங்க, பஞ்சு பாத்துக்கும்,” என்று சொல்லி உள்ளே அனுப்பினாள். ஓர் ஆணும் பஞ்சை நனைத்தார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை, பஞ்சு வைத்து எடுத்த எந்தப் படமும் கலங்கவில்லை. டாக்டர் திரையில் வரிசையாகப் போட்டுக் காட்டினார்.

“இவ்வளவு கொஞ்சம் பேரை வெச்சு உறுதியா சொல்ல முடியாதுக்கா. ஆனா நிம்மதி வந்த நிமிஷத்துல ஜென்ட்ஸுக்கும் லேடீஸுக்கும் வித்தியாசம் இருக்கற மாதிரிதான் தெரியுது. ஏன்னு தெரியல. லேடீஸ விடப்போறதில்ல.”

அவள் தலையாட்டினாள். கண் நிறைந்து வழிந்தது. டாக்டர் பதறிப்போனார்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதேக்கா, இப்ப எதுக்கு அழறீங்க?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே டாக்டர், உங்களை இங்க உட்கார வெச்சிருக்காங்க,” என்றாள் அவள்.